நடு ஸ்பீக்கர்

போன மார்கழியில் ஒரு நாள் ராத்திரி நண்பன் கூப்பிட்டான். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிறது அவன் ஊர்.

"டேய், ஹோம் தியேட்டர் வாங்கலாம்னு இருக்கேன். எதுடா நல்லா இருக்கும்? கையில நாப்பதாயிரம் இருக்கு."

கள்ளக்குறிச்சியில் எனக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் எந்த ஆம்ப்ளிஃபயர் புகைந்தாலும் எனக்குத்தான் போன் வரும். தொழில் வேற. இது பைத்தியம். அறை எவ்வளவு நீளம், என்ன கூரை, டிவி எத்தனை இஞ்ச் என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். பதினாலுக்கு இருபத்திநாலு அடி, சிமெண்ட் ஷீட், அம்பத்தஞ்சு இஞ்ச் என்றான். கடைசியாக, "யாரு யாரு உக்காந்து பாப்பீங்க?" என்றேன்.

"யாருன்னா? எல்லாருந்தான். வேலை இல்லாத நாள்ல இருபது பேரு வருவாங்க."

நான் படித்த எந்த கையேட்டிலும் இந்தப் பதிலுக்கு இடமில்லை. எல்லாப் படத்திலும் நடுவில் ஒரு சோபா இருக்கும். சோபாவின் நடுவில் ஒருத்தர் இருப்பார். அவரைச் சுற்றி ஸ்பீக்கர்கள் வட்டமாக நிற்கும். உலகத் தரம் என்று சொல்லப்படும் ஐடியூ பரிந்துரையும் இதைத்தான் சொல்கிறது: நடு ஸ்பீக்கர் நேர் எதிரே, இடதும் வலதும் 30 டிகிரியில், பின்பக்கத்து இரண்டும் 100 முதல் 120 டிகிரிக்குள். டிகிரி எங்கிருந்து அளக்கிறார்கள்? அந்த ஒருத்தரின் தலையிலிருந்து.

இருபது தலைக்கு எங்கிருந்து அளப்பது? "ரெண்டு நாள் டைம் குடுடா" என்றேன். அந்த இரண்டு நாளில் நான் ஸ்பீக்கர் விலையை அதிகம் பார்க்கவில்லை. நம் ஊர்களில் யார், எங்கே உட்கார்ந்து, எதைக் கேட்டார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

*

நம்மிடம் ஒலிபெருக்கி வந்தபோது அது வீட்டுக்கு வரவில்லை, தெருவுக்கு வந்தது. 1924இல் சென்னையில் தொடங்கிய ரேடியோ கிளப் மூன்று வருடத்தில் காசில்லாமல் நின்றது. அதன் கருவிகளை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரலில் தானே ஒலிபரப்பத் தொடங்கியது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் வெகு சிலர். அதனால் மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். சாயங்காலம் காற்று வாங்கப் போனவர்கள் கச்சேரி கேட்டார்கள்.

அகில இந்திய வானொலி சென்னைக்கு 1938இலும் திருச்சிக்கு 1939இலும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பஞ்சாயத்து ரேடியோ வந்தது. பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு பெட்டி, வெளியே கம்பத்தில் ஒரு குழாய். செய்தியும் வயலும் வாழ்வும் அதிலிருந்து ஊருக்கே கேட்கும். யாரும் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவேண்டியதில்லை.

சினிமாவும் அப்படித்தான். திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருளையும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். பின்னால் வந்த டூரிங் டாக்கீஸ்களுக்கு அதுதான் தொடக்கம். 1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' வெளியாகி தமிழ் சினிமா பேசத் தொடங்கியது. பேச்சு வந்த பிறகு கொட்டகைக்கு ஒலிபெருக்கியும் வந்தது.

டூரிங் கொட்டகையில் சமத்துவம் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். மணல் தரைக்கு ஒரு டிக்கெட், பெஞ்சுக்கு ஒரு டிக்கெட், சேருக்கு ஒரு டிக்கெட். வெளியே எந்தத் தெரு எங்கே உட்காரும் என்று இருந்த கணக்கு உள்ளேயும் வந்தது. ஆனால் ஒலிக்கு அந்தக் கணக்கு தெரியாது. திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்த வசனம் மணலில் உட்கார்ந்தவருக்கும் சேரில் உட்கார்ந்தவருக்கும் ஒரே திசையிலிருந்து, திரையில் பேசுகிற வாயிலிருந்து வருவதுபோலவே கேட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

*

'காளிதாஸ்' வந்த அதே 1931இல் லண்டனில் ஒருத்தருக்கு இந்த ஒற்றை ஸ்பீக்கர் மேல் எரிச்சல் வந்தது. ஆலன் ப்ளூம்லைன், இஎம்ஐ நிறுவனத்தின் பொறியாளர். மனைவியோடு படம் பார்க்கப் போனவர், நடிகர் திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தாலும் குரல் ஒரே இடத்திலிருந்து வருவதைக் கவனித்தார். குரலும் கூடவே நடக்கும்படி செய்யமுடியும் என்று சொன்னவர், அந்த டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸ்டீரியோவின் அடிப்படை முழுக்க அதில் இருக்கிறது. 1942இல் போர்க்கால ரேடார் சோதனையின்போது விமானம் விழுந்து இறந்தார். வயது 38.

ஸ்டீரியோ ஒரு கண்கட்டு வித்தை. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே குரலை ஒரே அளவில் விட்டால், குரல் இரண்டுக்கும் நடுவிலிருந்து வருவதாக மூளை நினைக்கும். அங்கே ஒன்றுமே இருக்காது. ஆனால் வித்தை பலிக்க நீங்கள் சரியாக நடுவில் உட்காரவேண்டும். ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறத்தாழ ஓர் அடி போகும். நீங்கள் இடது ஸ்பீக்கருக்கு ஓரடி கிட்டே இருந்தால் அதன் ஒலி ஒரு மில்லி செகண்ட் முந்தி வரும். முதலில் வந்ததையே மூளை நம்பும். நடுவில் நின்ற கதாநாயகியின் குரல் இடது பக்கம் ஓடிப்போய் ஸ்பீக்கருக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

இது கூட்டத்துக்கு ஆகாது என்று அமெரிக்காவில் பெல் ஆய்வகத்துக்காரர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள். 1933 ஏப்ரல் 27 அன்று பிலடெல்பியாவில் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க, தொலைபேசிக் கம்பி வழியாக அதை வாஷிங்டனில் ஒரு அரங்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மேடையில் ஆளே இல்லை. இடது, வலது, நடு என்று மூன்று ஸ்பீக்கர்கள் மட்டும். அரங்கம் அகலமானது, ஜனம் ஓரம்வரை உட்கார்ந்திருக்கும், அவர்களுக்கு இரண்டு போதாது என்பதுதான் அவர்கள் கணக்கு. நடுவில் நிஜமாகவே ஒரு பெட்டி இருந்தால் எங்கே உட்கார்ந்தாலும் நடு நடுவாகவே இருக்கும்.

அன்றைக்கு வாஷிங்டனில் ஒலியைக் கட்டுப்படுத்தியவர் இசை நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி. 1940இல் டிஸ்னியின் 'ஃபேண்டேஸியா'வுக்கு இசை நடத்தியவரும் அவர்தான். படம் பார்க்க வந்தவர்களைச் சுற்றி ஒலி வந்தது அந்தப் படத்தில். 1953இல் சினிமாஸ்கோப் வந்தபோதும், எழுபதுகளில் டால்பி ஸ்டீரியோ வந்தபோதும், 1993இல் 'ஜுராசிக் பார்க்' மூலம் டிடிஎஸ் வந்தபோதும், மூன்று வருடம் கழித்து 'கருப்பு ரோஜா' அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோதும், திரைக்குப் பின்னால் நடுவில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. படத்தின் வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும்.

ஆக ஸ்டீரியோ ஒருத்தருக்கானது. நடு ஸ்பீக்கர் ஊருக்கானது. சினிமா வீட்டுக்கு வந்தபோது முதலில் கழன்றுபோனது இந்த நடு ஸ்பீக்கர்தான். 1982இல் வீட்டுக்கென்று வந்த முதல் டால்பி சரவுண்டில் நடு சேனல் கிடையாது. 1987இல் புரோலாஜிக் வந்துதான் அதைத் திருப்பிக் கொடுத்தது.

*

இங்கே டிவி வந்த கதையைச் சொல்லவேண்டும். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அன்றைக்குக் கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. மன்னர் காலத்து வழக்கப்படி மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து கிடந்த மலை, நாடு சுதந்திரமாகி இருபத்தொன்பது வருடம் கழித்து, 1976இல்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. மலையில் இருக்கும் மலையாளி பழங்குடிகளின் வரலாற்றில் அந்த வருடம் ஒரு கோடு. சென்னையில் மக்கள் படம் தெரியும் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள், இங்கே நிலம் யாருடையது என்ற கேள்வியே தீரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது. தெருவில் இரண்டாவது டிவி. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம். கூடத்தில் சொந்தக்காரர்களும் அதே தெருக்காரர்களும் பாயில் உட்காருவார்கள். வேறு தெருப் பிள்ளைகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். யாரும் இதைச் சட்டமாகச் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

என் நண்பன் ஆறாவது படிக்க மலையிலிருந்து இறங்கி வந்து கவர்ன்மெண்ட் ஹாஸ்டலில் இருந்தான். ஒரே பெஞ்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை "வாடா" என்று கூட்டிக்கொண்டு போனேன். வாசப்படியில் கால் வைத்தவனை ஆயா பார்த்தது. "அந்தப் புள்ளைய சன்னலாண்ட நின்னு பாக்கச் சொல்லு" என்றது. கோபமாக இல்லை, சாதாரணமாக. நான் உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவன் சன்னலுக்குப் போனான். அதற்கப்புறம் பல ஞாயிறுகள் வந்தான், சன்னலுக்கே வந்தான்.

டிவியின் ஒரே ஸ்பீக்கர் பெட்டியின் பக்கவாட்டில், சன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. கூடத்தில் ஃபேன் ஓடும், பெரியவர்கள் பேசுவார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அவன் கேட்பான்: "அந்த ஆளு கடைசியில என்னடா சொன்னான்?" நான் சொல்வேன். ஏற்ற இறக்கத்தோடு, நடித்தே காட்டுவேன். ரசித்துச் சிரிப்பான். நான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் படம் தெரிந்தது, வசனம் கேட்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே வருஷங்கள் ஆனது.

*

இதற்கிடையில் டெக் வந்தது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துத் தெருவில் வைத்து விடிய விடிய மூணு படம் ஓட்டுவார்கள். மைக்செட்காரரின் ஆம்ப்ளிஃபயரில் ஒயரைச் சொருகிக் குழாயில் ஒலியை விட்டால் அடுத்த ஊருக்கே வசனம் கேட்கும். சன்னலே இல்லாத ஹோம் தியேட்டர் அது.

பிறகு 2006. திமுகவின் தேர்தல் வாக்குறுதி இலவச கலர் டிவி. செப்டம்பரில் கொடுக்கத் தொடங்கி, அடுத்த ஐந்து வருடத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேலான குடும்பங்களுக்குப் போனது. 14 இஞ்ச் பெட்டி. ஆடியோ பைத்தியங்கள் பார்வையில் அதன் ஸ்பீக்கர் ஒரு தகர டப்பா. நானும் அப்போது கிண்டல் பண்ணியிருக்கிறேன். ஓட்டுக்குக் கொடுத்த லஞ்சம் என்று அன்றைக்குப் பேசாதவர்கள் குறைவு. அந்தப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை.

ஆனால் எங்கள் வீட்டுச் சன்னல் காலியானதை நான் பார்த்தேன். தனியாரிடம் டிவி வாங்கக்கூடியவர்கள் வாங்கியபோது மிச்சமிருந்த கொஞ்ச நஞ்சக் கூட்டமும் அந்தப் பெட்டி வந்ததும் போய்விட்டது. இனிமேல் படம் பார்க்க யாரும் யார் வீட்டுக் கம்பியையும் பிடிக்கவேண்டாம். கேபிள் போகாத மலை ஊர்களுக்கு, 2004 கடைசியில் தூர்தர்ஷன் தொடங்கிய மாதக் கட்டணமில்லாத டிடிஎச் கைகொடுத்தது. ஒரு தட்டு, ஒரு பெட்டி, போதும்.

"நான் ஒரு படத்த மொத தடவ முழுசா காதால கேட்டது அந்த டிவியிலதான்டா" என்று ஒருமுறை நண்பன் சொன்னான். தமிழ்நாட்டு ஹோம் தியேட்டர் வரலாற்றை யாராவது எழுதினால் டால்பியிலோ டிடிஎச்சிலோ தொடங்கக்கூடாது. அந்த 14 இஞ்ச்சிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

இழப்பும் உண்டு. தனித்தனிப் பெட்டி வந்ததும் சேர்ந்து பார்ப்பது போனது. 2013இல் 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு முன்பே டிடிஎச்சில் வெளியிட கமல்ஹாசன் திட்டமிட்டார். தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள், திட்டம் நடக்கவில்லை. வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்று அன்று பேச்சு. எனக்கு அப்போது தோன்றியது ஒரே கணக்குதான்: வீட்டுக்கு என்றால் எத்தனை பேருக்கு? நகரத்தில் அதற்குப் பதில் நாலு. மலையில் இருபது.

*

இனி அந்த நாற்பதாயிரத்துக்கு வருவோம்.

கள்ளக்குறிச்சி மாதிரி ஊர்களில் ஹோம் தியேட்டர் என்றால் இன்றும் பாதிப் பேருக்கு அசெம்பிள் செட்தான். ரிச்சி தெருவிலிருந்து போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிவந்து உள்ளூர் மெக்கானிக் கட்டித் தருவது. அந்தக் காலத்தில் எல்ஏ 4440 ஐசி. பிறகு 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடி. இந்த எண்களைச் சொன்னால் கண் விரியும் ஒரு தலைமுறை இங்கே உண்டு. அதில் நல்ல வேலைப்பாடும் உண்டு. ஆனால் 5.1 என்று விற்பதில் பல, இரண்டு சேனலை ஆறாகப் பிரித்துக் கொடுப்பவை. ஆறு ஸ்பீக்கரும் பாடும், வசனம் தனியாகப் பிரிந்து நடுவுக்கு வராது.

கடையில் அட்டைப்பெட்டியில் வரும் செட்டில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருக்கும். அது பிஎம்பிஓ. கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தாங்கக்கூடிய உச்சத்தை இஷ்டத்துக்குப் பெருக்கி எழுதுவது. பார்க்கவேண்டியது ஆர்எம்எஸ், தொடர்ந்து தரக்கூடிய அளவு. அதிலும் ஒரு சூட்சுமம்: காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வாட்ஸ் ஏறத்தாழ பத்து மடங்கு ஆகவேண்டும். ஐம்பதுக்கும் நூறுக்கும் உள்ள வித்தியாசம் விலையில்தான் பெரிது. சவுண்ட்பார் வாங்கலாமா என்றும் யோசித்தேன். நாலு பேர் இருக்கும் சின்ன அறைக்கு அது உண்மையிலேயே நல்ல பதில். இருபத்திநாலு அடி ஹாலில் பின்வரிசைக்குப் போவதற்குள் களைத்துவிடும்.

கடைசியில் முடிவு இது. பழைய ஏவி ரிசீவர் ஒன்று, செகண்ட் ஹேண்ட். முன்பக்கத்துக்கு ஒரே மாடல் ஸ்பீக்கர் மூன்று: இடது, வலது, நடு. ஒரு சப்ஊஃபர். பின்பக்க ஸ்பீக்கர் வேண்டாம்.

"அஞ்சு ஸ்பீக்கர் இல்லாம என்னடா ஹோம் தியேட்டர்?" என்றான்.

"பின்னாடி செவுத்த ஒட்டி ஆளுங்க உக்காருவாங்க இல்ல? அவங்க காதுகிட்ட ஸ்பீக்கர் மாட்டினா அவங்களுக்கு ஹெலிகாப்டர் மட்டுந்தான் கேக்கும். அந்தக் காச நடுவுல போடுவோம்."

கச்சிராயப்பாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினோம். காரின் பின்சீட்டில் ஸ்பீக்கர்களுக்கு சீட் பெல்ட் போட்டிருந்தேன்.

ஹாலில் சோபா இல்லை. எல்லாரும் தரையில் உட்காருவார்கள். கையேடு சொல்லும் காது உயரம் 1.2 மீட்டர். அது நாற்காலி போடும் ஊர்களின் காது. பாயில் உட்கார்ந்தவரின் காது இரண்டரை அடியில் இருக்கும். அதனால் டிவியை இறக்கி மாட்டினோம். நடு ஸ்பீக்கரை அதற்குக் கீழே வைத்து, முன்பக்கம் லேசாகத் தூக்கி, பின்வரிசைக் காதைப் பார்க்கும்படி கட்டையால் முட்டுக் கொடுத்தோம். சிமெண்ட் ஷீட்டும் வெறும் சுவரும் கைதட்டினால் திரும்பித் தட்டின. பின்சுவர் ஓரம் அவன் சாமை மூட்டைகளை அடுக்கினான். நிஜமாகவே எதிரொலி அடங்கியது. சப்ஊஃபரை மூலையில் வைத்தால் அடி கூடும், ஆனால் வசனத்தை விழுங்கும். அதனால் மூலையிலிருந்து மூன்றடி தள்ளி வைத்தோம். கரண்டு ஏறி இறங்கும் ஊர் என்பதால் ஸ்டெபிலைசர் ஒன்று. டிவியிலிருந்து ரிசீவருக்கு எச்டிஎம்ஐ ஏஆர்சி வழியாக ஒரே கேபிள். அதில் படத்தின் சேனல்கள் பிரிந்தே வருமாறு டிவியின் ஆடியோ செட்டிங்கை மாற்றினேன். பலர் வீட்டில் இந்த ஒன்றை மாற்றாமல் விட்டதால்தான் நடு ஸ்பீக்கர் சரியாகப் பேசாது.

சாயங்காலம் ஆட்கள் வந்தார்கள். பதினெட்டு பேர் வரை எண்ணினேன். சோதனைக்காக ஒவ்வொரு இடமாகப் போய் உட்கார்ந்து கேட்டேன். இடது ஓரம், வலது ஓரம், மூட்டைக்குப் பக்கத்தில். குரல் திரையை விட்டு நகரவில்லை. நண்பன் வெளியே சன்னலைக் காட்டி, "அங்க போய் நின்னு பாரேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் போய் நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காட்சி முழுக்கப் பார்த்தேன். பேசிய ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. படத்தில் ஆழ்ந்துவிட்டிருந்தான்.

உள்ளே வந்தபோது வாசல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, இந்த டம்மு டம்மு சத்தம் எனக்கு வேணாம்ப்பா. அவங்க பேசறது இன்னும் கொஞ்சம் கேட்டா போதும்."

சப்ஊஃபரைக் குறைத்தேன். நடு ஸ்பீக்கரை ரெண்டு டெசிபெல் ஏற்றினேன்.

"இப்ப கேக்குதா ஆயா?"

"ம்ம். பேசாத, படத்த பாக்க உடு."